கணக்கில் வராத மூன்று ராத்திரி

முதுகு விட்டுப்போயிருந்தது. நனைந்த போர்வை செத்த ஆடு மாதிரி கனக்கும். அதை மெஷினிலிருந்து இழுத்து டிரையரில் போட்டால்தான் தெரியும். முதியோர் மருத்துவ இல்லத்தின் அடித்தளத்தில் பல வருஷமாகத் துணி துவைக்கிறேன். இந்த மூன்று வாரமாக அதில் ஒரு போர்வை என் புருஷன் எமிலுடையது. சுரங்கத்தில் நிலக்கரி வெட்டிய ஆள், வாசல் பனியில் வழுக்கி இடுப்பெலும்பில் விரிசல்.

டார்லீன் படியிறங்கி வந்தாள். ஆபீஸ்காரர்கள் இந்தப் புழுக்கத்துக்குள் வருவதில்லை. மேலே யாருக்கு அரசாங்க இன்சூரன்ஸ் ஓடுகிறது, யாருக்கு நிற்கிறது என்று காலையில் பார்ப்பதுதான் அவள் வேலை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் தேவாலயத்துக் கீழறையில் நாங்கள் இருவரும் எதிரெதிரே நின்று பியரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு தேய்த்து உருளைக்கிழங்கு வைத்து மடிப்போம். எமில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கையெல்லாம் மாவோடு அங்கேதான் சொன்னாள்: "கவலைய விடுடி. சட்டப்படி மூணு ராத்திரி ஆஸ்பத்திரில இருந்திருக்கணும், அது ஆச்சுல்ல? நம்ம இடத்துக்குக் கூட்டிட்டு வா. முதல் இருபது நாளுக்குக் கவர்மெண்டே முழுசா குடுக்கும்." அந்த வார்த்தையை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்.

"லோர்னா, கொஞ்சம் உக்காரு."

"உக்காந்தா எந்திரிக்க முடியாது. சொல்லு."

"எமிலுக்கு இன்சூரன்ஸ் கிடைக்காதாம். ஆஸ்பத்திரில அவரைச் சேர்க்கவே இல்லையாம். சும்மா கண்காணிப்புல வச்சிருந்ததாத்தான் எழுதியிருக்காங்களாம். அந்த மூணு ராத்திரியும் கணக்குல வராது."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. "கட்டில்ல படுத்தாரு. கையில பேர்ப்பட்டை கட்டினாங்க. ரப்பர் மாதிரி ஒரு கோழியக் குடுத்தாங்க, அதையும் தின்னாரு. சேர்க்கலைன்னா என்ன, விருந்துக்கா போயிருந்தாரு?"

"நான் போட்ட சட்டமாடி அது?"

"உனக்கு எப்பத் தெரியும்?"

அவள் டிரையர் மேலிருந்த பஞ்சைக் கிள்ளிக்கொண்டு நின்றாள்.

"உன்னத்தான் கேக்குறேன்."

"அவர் இங்க வந்த அன்னிக்கே." குரல் இறங்கிப்போனது. "மேல கட்டில் காலியாக் கெடந்துச்சு. ஆளை நிரப்புன்னு மேனேஜர் உயிரை எடுத்தான். ஆஸ்பத்திரில மாத்திக் குடுப்பாங்கன்னு நெனச்சேன். அப்புறம் உன் மொகத்தப் பாத்துச் சொல்ல வாய் வரலடி."

"தினமும் மத்தியானம் என்கூட உக்காந்து சாப்பிட்ட. அதுக்கு மட்டும் வாய் வந்துச்சா?"

நான் அடுத்த போர்வையை மெஷினிலிருந்து இழுத்தேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன். முன்ரூம்ல கட்டிலைப் போட்டு நானே தூக்கி உக்கார வச்சிருப்பேன். இந்தப் போர்வையத் தூக்குறவ அவரத் தூக்க மாட்டேனா?"

"தவணையில கட்டலாம். உனக்காக நான் மேனேஜர்கிட்ட பேசுறேன்."

"பேச வேண்டிய அன்னிக்குப் பேசல. இப்ப ஒண்ணும் புடுங்க வேணாம், மேல போ."

அன்று சாயங்காலமே எமிலைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

"எங்கடி கூட்டிட்டுப் போற? நாளைக்குக் கம்பியப் புடிச்சுப் பத்தடி நடக்கணும்னு சொல்லியிருக்காங்க."

"வீட்ல செவுரு இருக்கு. அதப் புடிச்சு நட."

"டார்லீன்கிட்ட சொல்லிட்டியா? பாவம், நம்மள நல்லாப் பாத்துக்கிட்டா."

கார்க் கதவை அடித்துச் சாத்தினேன்.

அந்த வெள்ளிக்கிழமை தேவாலயத்துக் கீழறைக்கு நான் போகவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். சுரங்கம் மூடிய ஊரில் வேறு வேலை எங்கே இருக்கிறது? எதிரே வந்த டார்லீன் நின்றாள். நான் துணிவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

கட்டிலுக்கும் நடைப்பயிற்சிக்கும் சேர்த்து எட்டாயிரத்து நானூறு டாலர் போட்டார்கள். சம்பளத்துக்குச் சம்பளம் எழுபது பிடிக்கிறார்கள். இன்னும் எட்டாயிரத்து நூற்றிருபது டாலர் பாக்கி.