லெனார்ட் ஹோட்டல் வாசலில் நின்ற எலி

வேலைநிறுத்தத்தின் நான்காம் வருடம், நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஜெனரேட்டரில் பெட்ரோல் தீர்ந்து காற்றடிக்கும் விசிறி நின்றது; எலி விழவில்லை. சிகாகோவில், லெனார்ட் ஹோட்டல் வாசலில் நின்ற பன்னிரண்டு அடி பலூன் எலி அது. தொழிலாளர் வயிற்றில் அடிக்கும் முதலாளியின் வாசலில் சங்கத்துக்காரர்கள் இப்படி ஒன்றை ஊதி நிறுத்துவது வழக்கம். மஞ்சள் பல்லும் சிரங்கு வயிறுமாக, பார்க்கச் சகிக்காது. சங்கத்திலிருந்து ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார். வால் பக்கம் ஒரு கிழிசல். அதன் வழியே காற்று வெளியே வராமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. மறியல்காரர்களின் பெருமூச்சை எலி இழுத்துக்கொள்கிறது என்று குறித்துக்கொண்டு, ஜெனரேட்டரை வேறொரு போராட்டத்துக்கு எடுத்துப்போனார்.

பெருமூச்சுக்கு அப்போது பஞ்சமில்லை. முதலில் நூற்றுமுப்பது பேர் கழுத்தில் அட்டையோடு நடந்தார்கள். பிறகு சிலர் விமான நிலையத்தில் வேலை தேடிக்கொண்டார்கள், இருவர் செத்துப்போனார்கள், சிலர் சொல்லாமலே நின்றுவிட்டார்கள். ஒன்பதாம் வருடம் மிஞ்சியது கிராஜினா மட்டும். ஏழாம் மாடியில் பத்தொன்பது வருடம் படுக்கை விரித்தவள். எலிக்கு ஒரு காது தொங்கிவிட்டது. ஆனாலும் அவள் ஒருத்தியின் மூச்சில் நின்றது. அது விழுந்தால் போராட்டம் முடிந்ததென்று சங்கம் எழுதிவிடும், ஒன்பது வருடமும் வீணாகும் என்பது அவளுக்குத் தெரியும்.

வாசல்காரன் எஃப்ராயின் மூன்றாம் மாதமே, மனைவியின் சிறுநீரகம் கெட்டதும், வேலைக்குத் திரும்பியவன். வேலைநிறுத்தத்தை உடைத்து உள்ளே போகிறவனையும் அங்கே எலி என்றுதான் திட்டுவார்கள். "வாடா எலி, உள்ள சீஸ் வெச்சிருக்காங்க!" என்று கிராஜினா தினமும் கத்துவாள். அவன் தலையைக் குனிந்துகொள்வான். உள்ளே வேலைக்குப் போகிறவர்கள் எல்லோருமே எலியைத் தாண்டும்போது, தங்கள் மூச்சு அதற்குள் போய்விடாதபடி பிடித்துக்கொள்வார்கள்.

தூரத்தில் டூசான் நகரத்திலிருந்து கிராஜினாவின் மகள் போன் செய்தாள். "அம்மா, அந்த எலிக்காக நீ சாகணுமா?"

"சாகல. மூச்சு விட்டுட்டிருக்கேன். அதான்டி என் வேலை."

மார்ச் மாதம் முழங்கால் அடியோடு மக்கர் செய்தது. மகளிடமே போய்விடுவதென்று கிராஜினா பெட்டியோடு வந்து கடைசியாக ஒரு சுற்று நடந்தாள்.

"போறியா?" என்றான் எஃப்ராயின்.

"போறேன். சந்தோஷமா? சாயங்காலத்துக்குள்ள இது சுருண்டுடும். மடிச்சு உன் முதலாளிக்குக் குடு, போர்த்திக்கட்டும்."

"எனக்கென்ன சந்தோஷம்? முன்ன ஆளுக்குப் பதினாலு ரூம், இப்ப பத்தொம்பது. பொண்ணுங்க நின்னுக்கிட்டே சாப்பிடுதுங்க."

"அதுக்கு நான் அழணுமா?"

"நீ ஒண்ணும் அழ வேண்டாம். எனக்கு முடியல, அவ்ளோதான்." எலியின் பக்கத்திலேயே நின்று, இத்தனை வருடமாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டான்.

தொங்கிய காது நிமிர்ந்தது.

மூன்று மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்த பெண்கள் அதைப் பார்த்து நின்றார்கள். முதலில் ஒருத்தி மூச்சை விட்டாள், பிறகு மற்றவர்கள். அரை மணியில் எலியின் மூக்கு மூன்றாம் மாடியைத் தொட்டது. இத்தனை காலம் ஒற்றை ஆளாக இழுத்தோமே என்று கிராஜினாவுக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது.

"முதல்லயே விட்டுத் தொலைச்சிருக்கலாமில்ல, பாவி!"

"பயமா இருந்துச்சு," என்றான். பஸ் நிறுத்தம்வரை அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

எலி இன்னும் அங்கேதான் நிற்கிறது. அது மறைக்கும் அறைகளுக்கு ஹோட்டலில் வாடகை குறைவு. வேலைக்காரப் பெண்கள் அந்த அறைகளில் படுக்கையை விரித்ததும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, மூச்சு விட்டுவிட்டு, அடுத்த அறைக்குப் போகிறார்கள்.