இரண்டு வீட்டு உள்ளித்தொலி

மனைவி குளோரி இறந்த பிறகுதான் ததேயுஸ் வீட்டில் உரம் தயாரிக்க ஆரம்பித்தார். ஒரு ஆளுக்கு என்ன குப்பை சேரும்? தேயிலைச் சக்கை, கொஞ்சம் உள்ளித்தொலி, ஒரு பழத்தொலி. அதை வாங்கக் குப்பைக்காரப் பெண் வாசலில் காத்து நிற்க வேண்டாம் என்று பட்டது. பழைய தண்ணீர் டிரம்மில் ஓட்டை போட்டு, கோட்டாறு வீட்டின் பின்பக்கம் வைத்து, தொலியும் மாவிலைச் சருகுமாகப் போட்டுவந்தார்.

டிரம்மில் ஒன்றும் நடக்கவில்லை. தொலி சுருண்டு காய்ந்து கிடந்தது. குவியல் பெரிதானால்தான் உள்ளே சூடு பிடிக்கும் என்று நாற்றுப்பண்ணையில் சொன்னார்கள். "வீட்ல எத்தன பேரு?"

"நான்தான்."

பக்கத்து வீட்டில் ஜுபைதா பீவி, மகன் பர்வேஸ், மருமகள், மூன்று பிள்ளைகள். ததேயுஸ் மதிலருகே நின்று, "அக்கா, காய்கறித் தொலிய எனக்குத் தருவியளா?" என்று கேட்டார்.

"தொலியையா?" ஜுபைதா பீவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தாராளமா எடுத்துக்கிடுங்க தம்பி."

அன்றிலிருந்து காலையில் மதில்மேல் வாளி இருக்கும். பலாச்சக்கை மடல், மரச்சீனிக் கிழங்குத் தொலி, பிள்ளைகள் கடித்துப்போட்ட மாங்காய். ஒருநாள் கிளறும்போது டிரம்மிலிருந்து ஆவி எழுந்தது. கையை வைத்தார், சுட்டது. "குளோரி, இங்க வா" என்று வாய்வரை வந்துவிட்டது.

ஒருமுறை தங்கையைப் பார்க்கக் கன்னியாகுமரி போய்ச் சில நாள் தங்கிவிட்டு வந்தார். மதில்மேல் வாளி இல்லை. அந்தப் பக்கம் பிள்ளைகள் சத்தமும் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தார்.

"பர்வேஸ் எல்லாரையும் ஷார்ஜாவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான் தம்பி" என்றார் ஜுபைதா பீவி. "ரெண்டு உள்ளித்தொலிய வாளியில வைக்க வெக்கமா இருந்திச்சு."

"இருக்கட்டும், உள்ளதத் தாங்க."

"நம்ம ரெண்டு பேருக்கத் தொலி போதுமா?"

"போதாது." ததேயுஸுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

ஆனாலும் மறுநாள் வாளி வந்தது. அடியில் ஒரு பிடி முருங்கைக் காம்பு.

டிரம்மின் அடியில் பழைய குப்பை கறுப்பாக உதிர்ந்து உரமாகியிருந்தது. பாதியைச் சாக்கில் கட்டி மதில்மேல் தூக்கி வைத்தார்.

"இத எங்க போட? வீட்டு முத்தம் பூரா சிமென்டுலா" என்றார் ஜுபைதா பீவி.

ததேயுஸ் கடைத்தெருவுக்குப் போய் ஒரு பூச்சட்டியும் பிச்சிப்பூக் கன்றும் வாங்கிவந்து கொடுத்தார். ஜுபைதா பீவி அந்தப் பக்கம் குனிந்து நட்டு, தண்ணீர் ஊற்றி, "ஆச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ததேயுஸ் மத்தியானத்துக்கு அரிசி களையப் போனார்.