ஜோக்கரை எங்கே போடுவது

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, சொந்த வீட்டுக் கதவிலேயே காதை வைத்துக்கொண்டு நின்றாள் விஜி. நல்ல மத்தியான வெயில். பட்டாபிராமில் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலையைத் தலைவலி என்று சொல்லிப் பாதியில் விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து நெமிலிச்சேரிக்கு வந்திருந்தாள். காலையில் டிபன் பாக்ஸோடு அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ரயிலேறப் போன அவள் புருஷன் கிருபாகரனின் குரல், கதவுக்கு அந்தப் பக்கம் கணீரென்று கேட்டது.

"இந்த ஜோக்கர எங்க போடறதுனே தெர்ல மாமே. கைல நெறைய கீது. எதுலயும் சேர மாட்டேங்குது."

விஜி காதை இன்னும் அழுத்தி வைத்தாள்.

பக்கத்து வீட்டு சிம்ரன் நேற்றே சொல்லியிருந்தாள். "யக்கா, அண்ணாத்தே பகல்ல ஊட்லதான் கீறாரு. நீ அந்தாண்ட போன ஒடனே வந்து கதவ சாத்திக்கிறாரு. யார் கூடயோ போன் பேசிகினே கீறாரு." சிம்ரன் எதையும் கூட்டித்தான் சொல்வாள் என்று விஜிக்குத் தெரியும். ஆனால் விஜி யார்? கடையில் எடை போட்டு வாங்கிய வெங்காயத்தை வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை கையில் தூக்கிப் பார்க்கிற ஆள். ராத்திரி பூராவும் தூங்கவில்லை. புருஷன் செல்போனைக் குப்புறக் கவிழ்த்து வைப்பது, குளிக்கும்போது எதையோ நினைத்துச் சிரிப்பது, 'வேலை எப்படி' என்று கேட்டால் 'இருக்குது' என்பதோடு நிறுத்திக்கொள்வது எல்லாம் ஒன்றொன்றாக நினைவுக்கு வந்தன. முதலில் வேறு பெண்ணோ என்றுதான் நினைத்தாள். இப்போது ஜோக்கர் என்று காதில் விழுந்ததும், வேறு பெண்ணாக இருந்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. மூன்றாவது தெருவில் ஒருவர் ஆன்லைன் ரம்மியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தண்டவாளத்துக்குப் போன பிறகு, இந்தப் பக்கத்துப் பெண்களுக்குச் சீட்டு என்றாலே பயம்.

மாடிப்படிக்குக் கீழே போய் நின்று அண்ணனுக்குப் போன் போட்டாள். செல்வகுமார் ஆவடியில் வண்டி வைத்துத் தண்ணீர் கேன் போடுகிறவன்.

"ண்ணா, இவரு ரம்மி ஆடறாருண்ணா. என் காதால கேட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு கேன் தொப்பென்று கீழே வைக்கப்படும் சத்தம். "நான் அப்பவே இன்னா சொன்னேன்? தோ வரேன் இரு."

அப்பவே அவன் சொன்னது விஜிக்கு மறக்குமா? கிருபாகரனுக்கு அம்பத்தூரில் பிரேக் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்ததே கோல் கீப்பர் என்பதால்தான். முதலாளிக்குக் கால்பந்துப் பைத்தியம். எஸ்டேட் கம்பெனிகளுக்குள் நடக்கிற பந்தயத்தில் ஜெயிக்க நாலைந்து நல்ல ஆட்டக்காரர்களைப் பிடித்து, ஆளுக்கொரு மெஷினைக் காட்டி நிற்க வைத்தார். "பந்து புடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா? நாளைக்கு அந்தாளுக்குப் பைத்தியம் தெளிஞ்சுதுனா இன்னா பண்ணுவ?" என்று செல்வகுமார் நிச்சயதார்த்தத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டான். அன்றைக்குக் கிருபாகரன் தலைகுனிந்து நின்றதைப் பார்த்துத்தான் இவனையே கட்டுவதென்று விஜி பிடிவாதமாக நின்றாள்.

விஜி திரும்பி வந்து கதவைத் தட்டினாள். திறந்தவன் முகத்தில் ஈயாடவில்லை. அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கட்டில்மேல் ஒரு லேப்டாப். அதில் சீட்டைக் காணோம். பழுத்துப்போன பேப்பர் ஒன்றின் படம்தான் இருந்தது. பொடி இங்கிலீஷ் எழுத்துக்கு நடுவில், பட்டை போட்ட பனியனோடு கைகட்டி நிற்கும் வெள்ளைக்கார ஆம்பிளைகள். நடுவில் ஒரு பந்து, பின்னால் மில் புகைபோக்கி.

"சீட்டு எங்கயா?"

"இன்னா சீட்டு?"

"நடிக்காதே. ஜோக்கர எங்க போடறதுன்னு கேட்டுகினு இருந்தியே."

கிருபாகரன் விழித்தான். பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஐய, ஜோக்கர் இல்ல விஜி. சாக்கர். நம்ம ஃபுட்பாலுக்கு அமெரிக்காகாரன் வெச்ச பேரு."

"அமெரிக்கால ஏதுயா நம்ம ஃபுட்பாலு?"

"அதத்தான் எல்லாரும் கேக்கறாங்க."

விஜி நம்பவில்லை. உட்கார வைத்துக் காட்டினான். நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கப் பேப்பர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். எந்தச் செய்தி எந்தத் தலைப்பில் போகவேண்டும் என்று இங்கிருந்து பிரித்துக் கொடுக்க வேண்டும். கூடப் பந்தாடிய கூட்டாளி ஜெகன் வாங்கிக் கொடுத்த வேலை, லேப்டாப்பும் அவனுடையதுதான். பேஸ்பால், குத்துச்சண்டை, குதிரைப் பந்தயம் எல்லாவற்றுக்கும் தலைப்பு இருந்தது. ஃபுட்பால் என்றும் ஒன்று இருந்தது. அது முட்டை மாதிரிப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அவர்கள் ஊர் ஆட்டம். காலால் உதைக்கிற ஆட்டத்துக்குத்தான் இடமே இல்லை. வேலை கொடுத்தவனுக்கே அப்படி ஒன்று தன் ஊரில் நடந்தது தெரியாது போல. அதை 'இதர'வில் தள்ளுவதா வேண்டாமா என்றுதான் ஜெகனோடு தினமும் சண்டை.

"நூல் மில்லு, இரும்பு மில்லு, எல்லாத்துலயும் டீம் வெச்சினு இருந்துக்கீறான். கப்பல் ஏறி வந்த ஸ்காட்லாந்துகாரன்ல நல்லா ஆடறவன் எவன்னு பாத்து, மில்லுல வேல குடுத்துக்கீறான். என்ன எடுத்தா மாரியே. கூட்டம் அப்டி அலமோதிக்கீது விஜி. அப்பால ஆட்டம் நடத்தற சங்கத்துக்குள்ளயே அடிதடி. மில்லுங்களும் படுத்துடுச்சு. இப்ப கேட்டா, எங்க ஊர்ல இந்த ஆட்டமே இருந்ததில்லங்கறான்."

அவன் கண் பளபளத்தது. இவ்வளவு பேசி அவள் பார்த்து ரொம்ப நாளாகிறது. விஜிக்கு அவன்மேல் ஒரு நொடி ஆசையாகக்கூட இருந்தது. அடுத்த நொடியே பழைய புத்தி முழித்துக்கொண்டது.

"அதெல்லாம் இருக்கட்டும். நீ ஏன் பகல்ல ஊட்ல கீற?"

கிருபாகரன் திரையைப் பார்த்தான். "மூடிட்டாங்க."

"எத்த?"

"கம்பெனிய. போன மாசமே."

ரம்மியாக இருந்திருந்தால் கத்தியிருக்கலாம், ஊரைக் கூட்டியிருக்கலாம். இதற்கு யார்மேல் கோபப்படுவது? கடைசியில் டிபன் பாக்ஸ்மேல்தான் வந்தது. விடிய எழுந்து, ரயிலில் கொட்டிவிடுமோ என்று மூடியை இறுக்கி இறுக்கிக் கட்டிக் கொடுத்தாளே, அதை இவன் இந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து தின்றிருக்கிறான். "என்னான்ட சொல்றதுக்கு இன்னாயா?" என்றாள். அழுகை வந்துவிட்டது.

"வேற வேல கெட்ச்சதும் சொல்லலாம்னு இருந்தேன். உங்கண்ணனுக்கு மட்டும் தெரிய வாணாம் விஜி. அந்தாளு அன்னிக்கே சொன்னாரு."

விஜி முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். வாசலில் வண்டி வந்து நின்றது.

தோளெல்லாம் நனைந்த சட்டையோடு செல்வகுமார் உள்ளே வந்தான். "எங்க மாப்ள சீட்டு?"

"சீட்டு இல்லண்ணா. நாந்தான் தப்பாக் கேட்டுட்டேன்."

"மாப்ள வேலைக்குப் போவல?"

"லீவுண்ணா."

செல்வகுமார் தங்கையின் கண்ணைப் பார்த்தான். இவளுக்கு அண்ணன்தானே, லேசில் நம்புவானா? கட்டிலருகே போய் லேப்டாப்பை எட்டிப் பார்த்தான்.

"யார்ரா இவனுங்க?"

"மில்லு டீம் மச்சான். அமெரிக்கால," என்றான் கிருபாகரன்.

"இன்னும் ஆடறானுங்களா?"

"இல்ல மச்சான். மில்ல மூடிட்டாங்க."

"எப்ப?"

கிருபாகரன் வாயைத் திறந்தான். விஜியைப் பார்த்தான்.

"அது ஆச்சுண்ணா, நூறு வருசம்," என்றாள் விஜி, சட்டென்று.

செல்வகுமார் பாக்கெட்டிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, குனிந்து, பின்வரிசையில் தொடங்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். முன்வரிசையின் கடைசி ஆளும் முடிந்ததும் நிமிர்ந்து, அதே நிதானத்தோடு கிருபாகரனின் முகத்தைப் பார்த்தான்.