பதிவேட்டில் இல்லாத இருபத்திரண்டு வீடுகள்

ஏரிக்கரை நீரேற்று நிலையத்தில் இருபத்து மூன்று வருடமாக மோட்டார் இயக்கியவளை அந்தத் தெருவில் எல்லோரும் மோட்டாரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் மோட்டாரக்காதான். அவளுக்கு முன்னால் பதினைந்து வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவளுடைய அப்பா. பணியில் இருக்கும்போதே அவர் மாரடைப்பில் போய்விட, வாரிசு வேலையாக அது அவளுக்கு வந்தது. நாற்காலியோடு பதிவேடும் வந்தது.

பதிவேட்டில் ஐந்து கட்டங்கள். நேரம், மின்னழுத்தம், ஆம்பியர், ஏரியின் நீர்மட்டம், குறிப்பு. முதல் நான்கில் எண்கள். ஐந்தாவதில் எழுதப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அப்பா வேலைக்குச் சேர்ந்த புதிதில் சோதனைக்கு வந்த பொறியாளர், "கட்டம் காலியா இருக்கக் கூடாதுய்யா, எதையாவது எழுது" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெளியே மரத்தில் நாரைகள் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தன. இறங்கிப்போய்த் தெரு முழுக்க நடந்து எண்ணிவிட்டு வந்து, 'நாரைக் கூடு 31' என்று எழுதினார். அடுத்த வாரமும் எழுதினார். பொறியாளர் மறுபடி வரவேயில்லை. ஆனால் அப்பாவுக்கு அது பழகிவிட்டது. அவருக்குப் பிறகு மகளுக்கும் பழகிவிட்டது. முப்பத்தெட்டு வருடம், ஒரு பருவம்கூட விடாமல், ஆளுயர அலமாரி நிறையப் பதிவேடுகள். கடைசி வருடக் கணக்கு 412.

தெருவில் இருபத்திரண்டு வீடுகள். மரங்கள் வீடுகளுக்கு நடுவிலும் முற்றங்களிலும் நின்றன. நாரைகள் வந்துவிட்டால் ஐந்து மாதத்துக்குத் தெருவே வெள்ளையடித்த மாதிரி ஆகிவிடும். நாற்றம் வேறு. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். அதிகம் அவதிப்பட்டவள் சலவைக்கடைக்காரிதான். அவள் கடை பெரிய மரத்தின் நேர் கீழே. கொடிக்கு மேலே தார்ப்பாய் கட்டியும் எப்படியோ ஒரு சட்டையில் விழுந்துவிடும்.

"நாரைங்க என்மேல பாசமா இருக்குதுங்க. ஒரே சட்டைய ரெண்டு தடவ தோய்க்க வெச்சு எனக்கு வேலை குடுக்குதுங்க" என்பாள். ஆனால் ஒரு கிளையை வெட்ட யாராவது கை வைத்தால் அவள் வாயிலிருந்து தப்ப முடியாது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து, கூடையில் வைத்து, நீளக் கம்பால் தூக்கித் திரும்பக் கூட்டில் சேர்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த மாதங்களில் நாய்களைக் கட்டிப்போடுவார்கள். காக்கை முட்டைக்கு வந்தால் வாசலில் இருப்பவர் கை தட்டி விரட்டுவார். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. தினம் பல் தேய்ப்பது போல அது நடந்தது.

ஒருநாள் ஒரு ஆராய்ச்சிப் பெண் கேமராவோடு வந்தாள். தண்ணீர் குடிக்க நீரேற்று நிலையத்துக்குள் நுழைந்தவள் மேஜையில் திறந்திருந்த பதிவேட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"இது என்னக்கா, கூடு நானூத்திப் பன்னெண்டு?"

"நாரைக் கூடும்மா. எங்கப்பா காலத்துலேர்ந்து எழுதுறோம்."

"எத்தனை வருஷமா?"

மோட்டாரக்கா அலமாரியைத் திறந்து காட்டினாள். அந்தப் பெண் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மாதம் தங்கினாள். சாப்பாடு மோட்டாரக்கா வீட்டில். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்தாள். "அக்கா, உங்கப்பா செஞ்ச வேலைய எங்க துறையில ஒருத்தரும் செய்யல. இது பொக்கிஷம்" என்றாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. அதில் பொய் இல்லை.

செய்தித்தாளில் படம் வந்தது. அப்பாவின் பழைய அடையாள அட்டைப் புகைப்படமும், பக்கத்தில் பதிவேட்டோடு மோட்டாரக்காவும். வெல்டிங் வேலை பார்க்கும் அவள் கணவன் அதற்கு இரும்பில் சட்டம் செய்து மோட்டார் அறைச் சுவரில் மாட்டினான். ஏரியையும் கரையையும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது தெருவில் எல்லோரும் அவளிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஏரியைத் தூர்த்துக் கட்டடம் கட்டிவிடுவார்களோ என்று பல வருடமாக இருந்த பயம் அன்றோடு போனது.

எட்டு மாதம் கழித்து, ஒரு காலை வேளையில், அளவு நாடாவோடு நான்கு பேர் வந்தார்கள். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சிவப்புச் சாயத்தில் எண் எழுதினார்கள். சலவைக்கடைக்காரி, ஏதோ கணக்கெடுப்பு என்று நினைத்து அவர்களுக்கு மோர் கொடுத்தாள். "பதினேழ கொஞ்சம் அழகா எழுதுப்பா, கடை முகப்பு" என்றுகூடச் சொன்னாள். அடுத்த வாரம் அறிவிப்பு வந்தது. கூடுகள் இருக்கும் மரங்களிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் குடியிருப்பு இருக்கக் கூடாது. இருபத்திரண்டு வீடுகளுக்கும் மாற்று இடம் தரப்படும்.

மோட்டாரக்கா அறிவிப்பை மூன்று முறை படித்தாள். நான்காவது முறை கணவன் வாங்கிப் படித்தான்.

"மரமே நம்ம முத்தத்துலதானே இருக்கு. ஐந்நூறு மீட்டர் தள்ளின்னா எங்கடி போறது?" என்றான். 

கருத்துக் கேட்புக்கு வனத்துறை அழைத்திருந்தது. தெருவில் எல்லோரும் சேர்ந்து, "நீதான் விவரமா பேசுவ, உன் எழுத்தாலதானே வந்தது" என்று அவளை முன்னால் அனுப்பினார்கள். அந்தச் சொல்லில் குற்றச்சாட்டு இருந்ததா நம்பிக்கை இருந்ததா என்று அப்போது அவளுக்குப் புரியவில்லை.

வன அதிகாரி நல்ல மனிதர். நாற்காலி போடச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். அவர் மேஜையில் சரணாலயக் கமிட்டியின் தடித்த அறிக்கை ஒன்று இருந்தது. பின்பகுதியில் அவளுடைய கையெழுத்தே அச்சாகியிருந்தது.

"பாருங்கம்மா, நீங்களே எழுதியிருக்கீங்க. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி எரநூத்தி நாப்பது கூடு. அடுத்த வருஷம் 'தெருவில் குழாய் பதிக்கும் வேலை, கூடு 90'ன்னு இருக்கு. ஆள் நடமாட்டம் கூடினா கூடு குறையுதுன்னு கமிட்டி முடிவு பண்ணியிருக்கு."

"சார், அந்த வருஷம் மழையே இல்ல. ஏரியில ரெண்டடித் தண்ணிதான் நின்னுச்சு. பக்கத்துக் கட்டத்துல நீர்மட்டம் எழுதியிருக்கேனே, அதைப் பாருங்க. தண்ணி இல்லாததாலதான் புதுக் குழாயே பதிச்சாங்க."

அதிகாரி பக்கத்தைப் புரட்டினார். அறிக்கையில் குறிப்புக் கட்டம் மட்டும்தான் வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம்மா. ஆனா கமிட்டி கலைஞ்சு போச்சு. என் கைக்கு வந்திருக்கிறது இதுதான்."

"நாங்க இருக்கிறதாலதான் சார் அதுங்க இங்க வருது. கரைக்கு அந்தப் பக்கம் இதைவிடப் பெரிய மரமெல்லாம் இருக்கு. ஒரு கூடு கிடையாது. அங்க காக்காய விரட்ட ஆளில்ல. விழுந்த குஞ்ச நாங்கதான் தூக்கி வைக்கிறோம். நாயக் கட்டுறோம்."

"அதையெல்லாம் எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

 முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு வரிகூட இல்லை. சலவைக்கடைக்காரி எத்தனை குஞ்சு தூக்கி வைத்தாள், யார் வீட்டு நாய் எத்தனை மாதம் கட்டிக் கிடந்தது, எதையும் அப்பாவும் எழுதவில்லை, அவளும் எழுதவில்லை.

"பல்லு தேய்ச்சேன்னு யாராவது எழுதி வைப்பாங்களா சார்?" என்றாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அவள் சொன்னதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பியும் இருப்பார். பதில்தான் வரவில்லை.

அன்று மாலையே அவள் ஆராய்ச்சிப் பெண்ணுக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அங்கே விசும்பல் கேட்டது.

"அக்கா, நான் இப்படி எழுதல. என்னோட அறிக்கையில நீங்கல்லாம் இருந்தீங்க. ஒரு தனி அத்தியாயமே எழுதினேன். கமிட்டியில பதினோரு பேர் சேர்ந்து சுருக்கினாங்க. அதுல அது போயிடுச்சு. நான் லெட்டர் எழுதிக்கிட்டே இருக்கேன்க்கா."

"அழாதம்மா. போன் பண்ணது நான், அழறது நீயா?" என்று மோட்டாரக்கா அவளைத் தேற்றினாள். போனை வைத்துவிட்டு அன்றைய நீர்மட்டத்தைப் பதிவேட்டில் எழுதினாள். மாதங்கள் ஓடின. ஆராய்ச்சிப் பெண்ணின் கடிதங்களுக்கும் பதில் இல்லை.

தெருவில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. அவள் வந்தால் பேச்சு நின்றது. சலவைக்கடைக்காரி இஸ்திரிப் பெட்டியை ஒரே சட்டையின் மேல் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. ஒருநாள் மோட்டாரக்கா தாங்க முடியாமல் கடைமுன் போய் நின்றாள்.

"அக்கா, ஒரு வார்த்தை பேசேன்."

"என்ன பேசறது? உன்மேல தப்பு இருக்குன்னு சொன்னாலும் மனசு கேக்கல. இல்லன்னு சொல்லவும் மனசு வரல. போ, கடையக் கட்டணும்" என்றாள் சலவைக்கடைக்காரி.

வீட்டில் கணவன் சொன்னான்: "நீ எழுதாம இருந்திருந்தா ஏரியவே தூர்த்திருப்பானுங்க. அப்பவும் நாம போயிருக்கணும்." அது நியாயம்தான். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு அவளால் ஒரு கவளம் சோறுகூட இறக்க முடியவில்லை.

வீடுகளைக் காலி செய்வதற்கு முந்தைய வாரம் பதிவேடுகளை எடுத்துப்போக வண்டி வந்தது. சரணாலயத்தின் பார்வையாளர் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்களாம். அவை நீர்வாரியத்தின் சொத்து. தர மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. "எங்கப்பா எழுதின முதல் நோட்டை மட்டுமாவது..." என்று கேட்டாள். வந்தவன் பட்டியலைக் காட்டினான். "ஒண்ணு கொறைஞ்சாலும் என் தலைதான் உருளும் மேடம்." அவன் தலையை உருட்ட அவளுக்கு மனமில்லை. தானே அடுக்கிக் கட்டிக் கொடுத்தாள். அலமாரி காலியானதும் அதன் பின்சுவரில் படிந்திருந்த ஈரம் தெரிந்தது.

குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கினார்கள். இருபத்திரண்டு குடும்பங்களும் மூன்று திசையில் சிதறின. மோட்டாரக்காவுக்கு இரண்டாவது மாடி. அதே கட்டடத்தில் நான்காவது மாடி சலவைக்கடைக்காரிக்கு. அங்கே கடை வைக்க இடமில்லாததால், அவள் ஓர் ஆஸ்பத்திரியின் துணி துவைக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். நீரேற்று நிலையத்துக்குத் தானியங்கி மோட்டார் வந்தது. மோட்டாரக்காவைத் தலைமை அலுவலகத்தில் புகார் தொலைபேசி எடுக்க உட்கார்த்தினார்கள். அங்கே ஜன்னல் கிடையாது.

அடுத்த பருவம் தொடங்கி ஆறு வாரம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிறு காலை கதவு தட்டும் சத்தம். திறந்தால் சலவைக்கடைக்காரி, செருப்பு மாட்டித் தயாராக நின்றாள்.

"வந்திருக்குமா?" என்றாள். வேறு முன்னுரை இல்லை.

"வந்திருக்கும்க்கா."

இரண்டு பஸ் மாறிப் போனார்கள். தெரு முழுக்கக் கம்பிவேலி. வீடுகள் இடிக்கப்பட்டு மண் மட்டமாக இருந்தது. மரங்கள் மட்டும் நின்றன. நாரைகள் வந்திருந்தன, ஆனால் பெரிய மரத்தில் பாதிக் கூடுகள் வெறுமையாய்க் கிடந்தன. கிளைக்குக் கிளை காக்கைகள், யாரும் விரட்டாத தைரியத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தன.

மரத்தடியில் ஒரு குஞ்சு விழுந்து கிடந்தது. உயிர் இருந்தது. கழுத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. நாலடி தள்ளி ஒரு காக்கை நடை போட்டுக்கொண்டிருந்தது.

"தம்பி, கேட்டைத் திற. ஒரு நிமிஷம். எடுத்து வெச்சுட்டு வந்துர்றேன்" என்றாள் சலவைக்கடைக்காரி.

காவலாளிக்கு நாற்பது வயது இருக்கும். "திறக்கக் கூடாதும்மா. இயற்கையில யாரும் தலையிடக் கூடாதுன்னு உத்தரவு. நான்கூடத் தொடக் கூடாது."

"அப்ப எதுக்குய்யா உன்னை இங்க உக்கார வெச்சிருக்காங்க?"

"உங்கள மாதிரி யாரும் உள்ள போகாம இருக்கத்தான்" என்றான் அவன். சொல்லிவிட்டு அவனுக்கே கூச்சமாகிவிட்டது. போனை எடுத்து யாரிடமோ பேசினான். "இன்னைக்குக் கால்நடை டாக்டர் லீவாம். நாளைக்கு வருவாராம்."

சலவைக்கடைக்காரி வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓங்கிக் கை தட்டினாள். காக்கை இரண்டு அடி பின்னால் போனது. மோட்டாரக்காவும் தட்டினாள். "அம்மா, சத்தம் போடக் கூடாது, அபராதம் போடுவாங்க, என் வேலை போயிடும்மா" என்று காவலாளி கெஞ்சினான். இருவரும் கையை இறக்கினார்கள். காக்கை திரும்பி வந்தது. காவலாளி மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

முடியும்வரை மோட்டாரக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். சலவைக்கடைக்காரி பார்க்கவில்லை, முந்தானையால் முகத்தை மூடி, வேலியோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விழுந்த குஞ்சுகளைத் தூக்கி வைக்க, பருவத்தில் மூன்று பேருக்கு மட்டும் உள்ளே போக அனுமதி கேட்டு மோட்டாரக்கா மனு எழுதினாள். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. ஆறு மாதம் கழித்து அதே வாசகத்தோடு இன்னொன்று வந்தது. பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதியவரைப் பார்க்க அவள் சரணாலயப் பார்வையாளர் கூடத்திலிருந்த அலுவலகத்துக்கு நேரில் போனபோது, முன்னறையில் இருந்த எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினார். வகை என்ற இடத்தில் மூன்றே பெயர்கள் அச்சாகியிருந்தன: ஆய்வாளர், ஊழியர், பார்வையாளர்.

"இதுல நான் எதுங்க?" என்று கேட்டாள்.

"நீங்க யாரும்மா?" என்றார் எழுத்தர்.

எங்கிருந்து தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தாள். மோட்டாரக்கா பார்வையாளர் என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டுக் கொடுத்தாள். எழுத்தர் முத்திரை குத்தித் திருப்பித் தந்தார்.

"சுத்திப் பாக்க அடுத்த குழு பதினொன்னரை மணிக்கு. அந்த வரிசையில நில்லுங்க" என்றார்.

அவள் போய் நின்றாள்.