தேங்காய்ப்பட்டணத்துக்கு மேலே மூன்று சுற்று

ஸ்மைலினுக்கு விமானப் பயணத்தில் ஆகாதவை இரண்டே இரண்டு: ஏறுவதும் இறங்குவதும். நடுவில் எத்தனை மணி நேரமானாலும் சாப்பிடுவாள், தூங்குவாள், படம் பார்ப்பாள். சக்கரம் தரையை விடும்போதும் தொடும்போதும்தான் வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழும். மஸ்கட்டில் நர்ஸாகச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியும் அது மாறவில்லை. அந்த நேரத்தில் கண்ணை இறுக மூடி முன்சீட்டில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொள்வாள். பக்கத்தில் இருப்பவர்கள் ஜெபிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்தத் தடவை முட்டுக்கொடுக்க முன்சீட்டு இல்லை. விமானத்தின் கடைசி வரிசைகளில் இடதுபக்கச் சீட்டுகளை மடக்கி, அதன்மேல் ஸ்ட்ரெச்சரைப் பொருத்தியிருந்தார்கள். அதில் முகம்மது மீரான் படுத்திருந்தார். ஒட்டினாற்போல நடைபாதைச் சீட்டில் அவள். குமரி மாவட்டம் தேங்காய்ப்பட்டணத்துக்காரர். மஸ்கட்டில் ஒரு மீன் கம்பெனியில் பதினெட்டு வருஷம் வேலை. நிமோனியா வந்து, ஸ்மைலின் வேலைபார்த்த ஆஸ்பத்திரியில் நாற்பத்தோரு நாள் கிடந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் நுரையீரல் பாதிக்குமேல் கெட்டுப்போயிற்று. ஆக்சிஜன் குழாய் இல்லாமல் பத்து நிமிஷம்கூட இருக்க முடியாது. ஊருக்குக் கொண்டுபோக ஒரு நர்ஸ் துணைக்கு வேண்டும் என்றபோது, லீவுக்காகக் காத்திருந்த ஸ்மைலின் ஒத்துக்கொண்டாள். அவளுக்குப் புதுக்கடை. இரண்டு ஊருக்கும் நடுவே சில மைல்தான்.

அவரைக் கூட்டிப்போக மனைவி ஜஸீனா முதல்தடவையாக விமானம் ஏறி மஸ்கட் வந்திருந்தாள். இப்போது நடைபாதைக்கு அந்தப் பக்கம், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று சிலிண்டர் ஏற்றியிருந்தார்கள். ஐந்து மணி நேரத்துக்கு வரும். பயணம் மூன்றரை மணி நேரம்தான் என்பதால் யாரும் கவலைப்படவில்லை. ஆனால் மஸ்கட்டில் கதவை அடைத்தபிறகு ஐம்பது நிமிஷம் தரையிலேயே நின்றது. ஸ்மைலின் அதை மனதில் குறித்துக்கொண்டாள். மீரானின் விரலில் மாட்டிய கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூற்றி நாலு என்று காட்டியது. அது போதும்.

திருவனந்தபுரத்தில் இறங்கப் போகிறோம் என்று அறிவித்தபோது மூன்றாவது சிலிண்டரைத் திறந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. ஜூன் மாசத்து மேகம் ஜன்னலை அடைத்துக்கொண்டது. மதியம் இரண்டரை மணிக்கு உள்ளே விளக்கு போடவேண்டியிருந்தது.

விமானம் குலுங்கிக்கொண்டே இறங்கியது. ஸ்மைலின் ஒரு கையால் ஸ்ட்ரெச்சர் கம்பியையும் மறு கையால் மீரானின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூட வழியில்லை. விரலில் தெரியும் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஜன்னலில் மழை பட்டைபட்டையாக ஓடியது. அதற்கு நடுவே தென்னந்தலைகள் தெரிந்தன, அவ்வளவு பக்கத்தில், மட்டையின் ஆட்டம்கூடத் தெரிகிற அளவுக்கு. இதோ தொட்டுவிட்டது என்று நினைத்தாள்.

அப்போது என்ஜின் அலறியது.

மூக்கு நிமிர்ந்து விமானம் மேலே பாய்ந்தது. முதுகை யாரோ சீட்டோடு வைத்து அழுத்துவதுபோல இருந்தது. முன்னால் யார் யாரோ கத்தினார்கள். ஒரு குழந்தை வீறிட்டது. மேலே இருந்த ஒரு பெட்டி திறந்து, பை ஒன்று நடைபாதையில் விழுந்து பின்னால் வழுக்கி வந்தது. ஸ்ட்ரெச்சர் வார்கள் இறுகி முனகின. ஸ்மைலின் தன் உடம்பை அப்படியே மீரானின் கால்மேல் சாய்த்து அமுக்கிக்கொண்டாள்.

"யா அல்லாஹ்! சிஸ்டரே, என்னாச்சு? விழுதா?" ஜஸீனாவின் குரல் கீச்சிட்டது.

"விழல்ல அக்கா. மேலதான் போவுது. மழைக்கு ஓடுபாதை தெரிஞ்சிருக்காது. திரும்ப வந்து இறங்குவாங்க."

சொன்ன குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

கேப்டன் பேசினார். மழை கடுமையாக இருப்பதால் இருபது, இருபத்தைந்து நிமிடம் தெற்கே வட்டமடித்துக் காத்திருப்போம், அதற்குள் தெளியாவிட்டால் கொச்சிக்குப் போவோம் என்றார்.

ஸ்மைலின் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தாள். கணக்குப் போட வேண்டியதில்லை, கண்ணாலே தெரிந்தது. நாற்பது நிமிஷம். இங்கே இருபத்தைந்து நிமிஷம் சுற்றிவிட்டுக் கொச்சிக்குப் போய் இறங்கிக் கதவைத் திறப்பதற்குள் அது எப்போதோ காலியாகியிருக்கும்.

அத்தனை பேர் இருக்கிற விமானத்தில் இது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஜஸீனாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். சொன்னால் அவள் அழுவாள், மீரான் பதறுவார், பதறினால் மூச்சு இன்னும் வேகமாகும். வாயை மூடிக்கொண்டு குமிழைக் கொஞ்சம் திருகினாள். நிமிஷத்துக்கு மூன்று லிட்டரிலிருந்து இரண்டு. எண் தொண்ணூற்றிரண்டிலிருந்து மெல்ல இறங்கி எண்பத்தெட்டில் நின்றது.

பிறகு தலைக்குமேல் இருந்த மணியை அழுத்தினாள். வந்த பணிப்பெண்ணின் சட்டையில் இந்துஜா என்று இருந்தது. ஸ்மைலின் காதோடு சொன்னதைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகத்தில் பூசியிருந்த சிரிப்பு போயிற்று.

"எங்ககிட்ட பின்னால ரெண்டு சின்ன பாட்டில் இருக்கு. ஒவ்வொண்ணும் அரைமணி நேரம் வரும். ஒண்ண நான் தாறேன். மத்தத எடுக்கப்பிடாது, கேப்டன்ட கேக்கணும்."

அது தன் ஊர்ப்பக்கத்துப் பேச்சு என்று ஸ்மைலினுக்குப் புரிந்தது. "நீ எந்த ஊரு மக்கா?"

"பூதப்பாண்டி. நீங்க?"

"புதுக்கடை."

இந்துஜா ஒரு பாட்டிலை எடுத்துவந்து சீட்டடியில் வைத்தாள். ஒரு ஆள் கூடக் கிடைத்ததுபோல இருந்தது.

மீரான் கண்ணைத் திறந்திருந்தார். குழாய்க்கு அடியில் உதடு அசைந்தது.

"குறைச்சிட்டியளா, சிஸ்டரே?"

அவள் குழாயை அவர் மூக்கில் சரியாகப் பொருத்தினாள்.

"எனக்குத் தெரியும். காத்து மெலிஞ்சு வருது." இரண்டு மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார். "அவகிட்ட இத செல்லாண்டாம்."

அந்த நேரம் பார்த்து ஜஸீனா கத்தினாள். "இஞ்ச பாருங்க! நம்ம துறைமுகம்! சிஸ்டரே, நம்ம ஊரு தெரியுது!"

மேகத்தில் ஒரு கிழிசல். ஸ்மைலின் எம்பிப் பார்த்தாள். கீழே, வெகு கீழே, கடலுக்குள் வளைந்து நீளும் கற்சுவர், அதன் பக்கத்தில் ஆறு கடலோடு சேர்கிற இடத்தில் செம்மண் கலங்கிய தண்ணீர். சுவரில் அலை அடித்து வெள்ளை தெறித்துக்கொண்டிருந்தது. கற்சுவருக்கு உள்ளே படகுகள் நெருக்கி அடுக்கிய தீக்குச்சிகள்போல. அவளுக்குத் தெரிந்த சாலை அது. புதுக்கடையிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் இடம். இறங்க முடியாமல் அதற்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

"வள்ளம் ஏதாவது வெளிய கிடக்கா?" என்று மீரான் கேட்டார்.

"ஒண்ணையும் காணல்ல. எல்லாம் உள்ளதான்."

"மேற்க எப்படி? கருப்பா, வெளுப்பா?"

"பேசாதீங்க," என்றாள் ஸ்மைலின். அவர் கேட்கவில்லை. கல்ஃபுக்குப் போகுமுன் கடலுக்குப் போனவர்.

ஜஸீனா கண்ணாடியில் மூக்கை அமுக்கிப் பார்த்தாள். "பக்கத்துல கருப்பு. அதுக்கு அப்பறம் வெளுத்து ஒரு கீறு தெரியுது."

"கொள்ளாம், நல்லதுதான்," என்றார் மீரான். "இந்த மழை போனா கொஞ்ச நேரம் விடும். அடுத்தது வாறதுக்கு முன்ன..." மூச்சு வரவில்லை. எண் எண்பத்தாறு. பேச வேண்டாம் என்று ஸ்மைலின் அவர் உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

கிழிசல் மூடிக்கொண்டது. ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் கீழே எதுவும் தெரியவில்லை, மேகம் மட்டும். மூன்றாவது சுற்றில் மறுபடி கற்சுவர் தெரிந்தது. ஜஸீனா இப்போது ஊரைக் காட்டிக் கத்தவில்லை. தலையைக் குனிந்து ஓதிக்கொண்டிருந்தாள்.

இந்துஜா வந்து ஸ்மைலினின் தோளைத் தொட்டாள். "கேப்டன் உங்ககிட்ட பேசணும்ங்காரு."

பின்பக்கச் சுவரில் தொங்கிய டெலிபோனை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். கேப்டனின் குரல் நிதானமாக இருந்தது. ஆங்கிலத்தில் கேட்டார். நோயாளி இன்னும் எவ்வளவு நேரம் தாங்குவார்? மழை இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஒரு தடவை முயன்று பார்க்கலாம். முடியாவிட்டால் நேராகக் கொச்சி. அங்கே கதவு திறக்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.

ஸ்மைலினுக்கு 'தாங்கமாட்டார், எப்படியாவது இறக்குங்கள்' என்று தொண்டைவரை வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் இந்த மனுஷன் மழைக்குள் வம்படியாக இறக்கிவிடுவாரோ? முன்னால் வரிசையாக எத்தனை தலைகள். அழுது களைத்த அந்தக் குழந்தை ஒரு பெண்ணின் தோளில் கிடந்தது. 'தாங்குவார்' என்று சொன்னாலோ, கொச்சி போகிற வழியில் மீரான் அவள் கையில்...

"ஐம்பது நிமிஷம்," என்றாள். "உங்கள் பாட்டில் ஒன்றையும் சேர்த்து. அதற்குப் பிறகு என்னால் உறுதி சொல்ல முடியாது."

மறுமுனையில் கேப்டன் பக்கத்தில் யாரிடமோ ஏதோ சொல்வது கேட்டது.

"உண்மையைச் சொன்னதற்கு நன்றி சிஸ்டர். ஓடுபாதை தெரிந்தால் இறக்குவேன். தெரியாவிட்டால் அவருக்காகவும் இறக்கமாட்டேன். இரண்டாவது பாட்டிலையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். சின்ன பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள். அதன் முகமூடியை மீரானுக்கு மாட்டினாள். எண் மெல்ல ஏறி எண்பத்தொன்பது வந்தது. இந்துஜா பின்னால் தன் சீட்டில் உட்கார்ந்து வாரை மாட்டும் சத்தம் கேட்டது.

மறுபடி இறக்கம். இந்தத் தடவை விமானம் நேராகப் போகவில்லை. நண்டுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போயிற்று. காற்று பக்கவாட்டில் அறைந்தது. ஒவ்வொரு அறைக்கும் சிறகு தாழ்ந்து மறுபடி நிமிர்ந்தது. ஒருவரும் கத்தவில்லை. அதுதான் அதிகப் பயமாக இருந்தது. ஸ்மைலின் எண்ணைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், எண்ணைப் பார்த்தாள். தென்னை. கூரைகள். ஈரமான மதில். கர்த்தரே, கர்த்தரே, கர்த்தரே.

ஒரு பக்கச் சக்கரம் மோதியது. விமானம் எகிறியது. காற்றில் தொங்கிய அந்த இரண்டு நொடியில், மறுபடியும் மேலேயா என்று அவள் நினைத்தாள். பிறகு எல்லாச் சக்கரமும் டமாரென்று விழுந்தன. தண்ணீர் இருபுறமும் சுவராக எழுந்தது. பிரேக் பிடித்த வேகத்தில் பாட்டில் அவள் முழங்காலிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தாள். வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. ஒரு சைக்கிள் போகிற வேகத்தில் விமானம் திரும்பியது.

முன்னால் கைதட்டினார்கள். யாரோ தேம்பி அழுதார்கள். ஸ்மைலினால் பாட்டிலை விட முடியவில்லை. விரல்கள் பூட்டிக்கொண்டன. இந்துஜா வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஏறிப் புதுச் சிலிண்டரை மாட்டியபோதுதான் ஜஸீனா பழைய சிலிண்டரின் முள்ளைப் பார்த்தாள். முள் அடியை ஒட்டிக் கிடந்தது. ஸ்மைலினைப் பார்த்தாள். ஸ்ட்ரெச்சர் பின்னாலேயே இறங்கிப் போய்விட்டாள்.

ஸ்மைலின் விமான நிலையக் கழிவறையில் வாந்தியெடுத்தாள். வெளியே அப்பா ரசலையன் குடையோடு நின்றார். "என்ன மக்களே, ரொம்ப லேட்டாயிட்டு?" என்றார். "மழைப்பா," என்று மட்டும் சொன்னாள். களியக்காவிளை தாண்டி ஒரு வேகத்தடையில் கார் ஏறி விழுந்தபோது அவள் வாய்விட்டு அலறினாள். டிரைவர் பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டினான். அப்போதுதான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

மீரான் மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். பத்தாம் நாள் ஸ்மைலின் தேங்காய்ப்பட்டணத்துக்குப் பார்க்கப் போனாள். அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. எண் தொண்ணூற்றி மூன்று. அவளைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். ஜஸீனா பால் விடாத சுலைமானி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். முகம் கடுத்திருந்தது.

"எனக்கிட்ட ஒரு வார்த்த செல்லியிருக்கணும் நீ. எனக்க மாப்பிள இல்லியா?"

"செல்லியிருக்கணும்தான் அக்கா. தப்புதான்."

"கேப்டன் உனக்கிட்ட என்ன கேட்டாரு?"

ஸ்மைலின் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. 'எப்படியாவது இறக்குங்கள்' என்று சொல்ல வாய்வரை வந்ததையும், சொல்லாமல் விட்டதையும்கூடச் சொன்னாள். மீரான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜஸீனா முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"எனக்கிட்ட கேட்டிருந்தா, இறக்குன்னுதான் செல்லியிருப்பேன்," என்றாள் கடைசியில். "அத்தன பேரும் இருக்காங்கன்னு நினைச்சுப் பாத்திருக்க மாட்டேன்."

"நானும் ரொம்ப நேரம் நினைக்கல்ல அக்கா. அந்தப் பிள்ளையோட தலை தெரிஞ்சிட்டு. அவ்வளவுதான்."

டீ ஆறிப்போயிருந்தது. ஜஸீனா டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இரு, சூடாக்கிக் கொண்டாறேன். எப்ப திரும்பப் போற?"

"பதினாலாம் தேதி."

"பேடி இல்லியா உனக்கு, மறுபடி விமானம் ஏற?"

"பயம் இருக்கு," என்றாள் ஸ்மைலின். "இப்பவே இருக்கு."