அனுமதித்தவர்: சின்னையன்

கன்னம் நிறைய சோப்பு நுரையோடு சின்னையன் உட்கார்ந்திருந்தார். தாடி இல்லாமலிருந்தால்தான் போன் முகத்தை அடையாளம் பிடிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. மனைவி கமலாத்தாளாகவே நினைத்துக்கொண்டு காலையிலேயே ரேசரை எடுத்துவிட்டாள். வலது கன்னத்தை முடித்துவிட்டு மறுபடி வலது கன்னத்துக்கே போனாள். வாதம் வந்து கோணிப்போன பக்கம் அது. "அசையாம இருங்க," என்றாள், அசையவே முடியாத பக்கத்தைப் பார்த்து.

பத்து மணிக்குப் பாலக்காட்டிலிருந்து ஜிதின் வருகிறான். கொழிஞ்சாம்பாறையில் அவர்களுடைய எண்ணெய் மில்லுக்கு இதுவரை ஒரே பேர், ஒரே பாஸ்வேர்டு. பேர் சின்னையன். பாஸ்வேர்டு மில்லின் முதல் லாரி நம்பர். லாரியைப் பழைய இரும்புக்குப் போட்டுப் பல வருசமாகிறது. நம்பர் மட்டும் எடை போடுகிறவனிலிருந்து டீ கொண்டுவருகிறவள் வரை எல்லாருக்கும் மனப்பாடம். இனி யார் உள்ளே போகலாம், யார் எதைப் பார்க்கலாம், யார் அனுமதி தரலாம் என்று ஆளுக்கு ஆள் பிரித்துவைக்கிற சாப்ட்வேரை அவன் காட்டப்போகிறான்.

போன மாதம் வந்த வினை இது. காங்கேயத்துத் தரகர் ஒருவருக்கு இனி ஒரு மூட்டை புண்ணாக்குப் போகக்கூடாது என்று சின்னையன் திடமாக இருந்த காலத்திலேயே சொல்லிவைத்திருந்தார். அந்தத் தரகருக்கே ஒரு முழு லோடு போய்விட்டது. கம்ப்யூட்டரைத் திறந்தால் 'அனுமதித்தவர்: சின்னையன்'. பெரிய மகன் பூபதிராஜா தம்பியைப் பார்த்தான்.

"நானில்லீங்கண்ணா," என்றான் சிவப்பிரகாஷ்.

"அப்பறம்? புண்ணாக்கு அதுவா நடந்துபோயி லாரில ஏறிக்கிச்சா?"

அன்றிலிருந்து இருவரும் சாப்பிட வெவ்வேறு நேரத்தில் வருகிறார்கள்.

லோடை விட்டவள் கமலாத்தாள். மழை ஈரத்தில் குடோனில் புண்ணாக்குப் பூசணம் பிடித்துக்கொண்டிருந்தது. எடுக்க வேறு ஆள் இல்லை. சரியான முடிவுதான். ஆனால் சின்னையனுடைய முடிவு இல்லை.

மூன்று வருசமாக இப்படித்தான். அவருக்கு வாய் குழறிப்போனபின் அவர் பேச்சு அவளுக்கு மட்டும்தான் விளங்கும் என்று வீட்டில் ஆகிவிட்டது. பிள்ளைகள் கட்டிலோரம் வந்து கேட்பார்கள். அவர் முனகுவார். "சரிங்கறாரு", "வேண்டாங்கறாரு" என்று அவள் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரில் அவர் பேரை அடித்து அனுமதி போடுவாள். ஆரம்பத்தில் அவர் சொன்னதைத்தான் சொன்னாள். ஒருநாள் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மூட முடியாத வலது கண் மட்டும் எப்போதும்போல அரைவாசி திறந்திருந்தது. பெரியவன் அவசரப்படுத்தினான். "சரிங்கறாரு," என்றாள். அந்த ஒரு சொல்லோடு மில் அவள் கைக்கு வந்துவிட்டது. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருசத்தில் வாயால் ஒரு தடவைகூடச் சொல்லாத பேர். விரலால் எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பாள்! லோடு விசயத்தில் அவள்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அம்மா வெறுமனே தட்டிவிடுகிறவள்தானே.

ஜிதின் இரண்டு வகை வைத்திருந்தான். ஒன்றில் ஒவ்வொரு தடவையும் அய்யா போனுக்கு ஆறு இலக்க நம்பர் வரும். இன்னொன்றில் அய்யா முகத்தைக் காட்டவேண்டும்.

"நம்பரே போதுமே," என்று கமலாத்தாள் முந்திக்கொண்டாள். "சீக்காளி மனுசன எதுக்கு இம்சை பண்ணிக்கிட்டு?"

"போன் யார் கையில இருக்குதோ அவங்கதானுங்கம்மா அப்பறம் அப்பா," என்றான் சிவப்பிரகாஷ். அவன் சும்மாதான் சொன்னான். அவள் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போனது. அவருடைய போன் அங்கேதான் செருகியிருந்தது.

"கரெக்டாணு," என்றான் ஜிதின். "நம்பர ஆருக்கு வேணும்னாலும் சொல்லிக் குடுக்கலாம் அம்மே. முகத்த குடுக்க ஒக்குமோ?"

கமலாத்தாள் உட்கார்ந்தாள், எழுந்தாள், குடிக்காத தண்ணீரை எடுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டு வந்தாள். முகம் என்று முடிவானால், நாளையிலிருந்து பிள்ளைகள் போனை நேராக அவர் முகத்துக்கு நீட்டிவிடுவார்கள், அவளை யாரும் கேட்கப்போவதில்லை. குழம்புக்கு என்ன காய் என்பதோடு அவளுடைய சொல் முடிந்துவிடும்.

ஜிதின் தன் போனைச் சின்னையன் முன்னால் நிறுத்தினான். திரையில் அவர் முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழுந்தது. 'கண்களை இமைக்கவும்,' என்றது போன். இடது கண் இமைத்தது. வலது கண் அப்படியே நின்றது. 'மீண்டும் முயற்சிக்கவும்.'

மூன்றாம் தடவையும் அதே கதைதான்.

"அப்பாவால ஆகாதுப்பா. எம் மூஞ்சியப் போட்டுக்க," என்றான் பூபதிராஜா.

"ஏனுங்கண்ணா, எனக்கென்ன மூஞ்சி இல்லீங்களா?"

"இருக்குது. கண்ணாடிக்கு முன்னாடி அரமணி நேரம் நிக்கறயே, அதான?"

ஜிதின் சிரிப்பை அடக்கினான். "மேல ஒராள்தான் இருக்க முடியும். ஆருன்னு அய்யாவே சொல்லட்டும்."

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். கடைவாயில் வழிந்த எச்சிலைத் துடைக்கக் கமலாத்தாள் குனிந்தாள். அவருடைய இடது கை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அவர் பேசினார். பிள்ளைகளுக்கு அது வழக்கமான முனகல். அவளுக்கு ஒவ்வோர் எழுத்தும் கேட்டது, மூன்று வருசத்தில் அவ்வளவு தெளிவாக அவர் எதையும் சொன்னதில்லை.

"இவளப் போடு."

அவள் அவரைப் பார்த்தாள். மூடாத அந்த வலது கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தூங்கியதாக அவள் நம்பிய மத்தியானங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. புண்ணாக்கு லோடு போன மத்தியானம் உட்பட.

"அப்பா என்னங்கம்மா சொல்றாரு?" பிள்ளைகள் இருவரும் ஒரே சமயத்தில் கேட்டார்கள்.

அவர் சொல்லாததையெல்லாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறாள். இன்று அவர் நிஜமாகவே சொல்லிவிட்டார். அதை அப்படியே சொன்னால், இதை மட்டும் யார் நம்புவார்கள்?

குனிந்த நிலையிலேயே இருந்தாள். ஜிதின் நீட்டிய கையை இன்னும் இறக்கவில்லை. திரையில் பச்சைக் கட்டம் அவர் முகத்தை விட்டு நகர்ந்து, கொஞ்சம் தடுமாறி, அவள் முகத்தைச் சுற்றி நின்றது.

'கண்களை இமைக்கவும்,' என்றது போன்.

கமலாத்தாள் கண்ணைக் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.