கிணற்றுக்குள் ஒரு சிவப்பு

செம்மொழிக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. மாலத்தீவில், முக்குளிக்க வரும் விருந்தாளிகளைக் கடலுக்கடியில் படம் பிடிக்கும் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். கடைசிச் சோதனையாக ஒரே ஒரு படம் கேட்டிருந்தார்கள். தண்ணீருக்குள் ஒரு மனிதர், அவர் கையில் சிவப்பாக ஏதாவது, அந்தச் சிவப்பு சிவப்பாகவே தெரிய வேண்டும். கம்ப்யூட்டரில் நிறத்தைத் திருத்தக் கூடாது. பொழுது சாய்வதற்குள் அனுப்பியாக வேண்டும்.

ஒரத்தநாட்டுப் பக்கத்தில் கடலுக்கு எங்கே போவது? வயல் கிணறு இருந்தது. சிங்கப்பூரில் வெல்டராக இருந்து லீவில் வந்திருந்த அண்ணன் வளவன் சிவப்புத் துண்டோடு இறங்கச் சம்மதித்தான். தண்ணீருக்குள் போகும் கேமராவும் அவன் வாங்கி வந்ததுதான். அம்மா அம்சம் மட்டும் பிடி கொடுக்கவில்லை. மகள் முக்குளிப்பு படிக்க அந்தமான் போனபோது ஒரு வாரம் அழுதவள், இந்த வேலைக்குப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

கிணற்றுக்குள் எல்லாமே பச்சை. நம் கண் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. எந்த ஆழத்தில் படம் எடுக்கிறோமோ அங்கேயே ஒரு வெள்ளைப் பொருளைக் காட்டி, 'இதுதான் வெள்ளை' என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் ஒயிட் பேலன்ஸ். அதற்கான வெள்ளைப் பலகை அந்தமானிலேயே தங்கிவிட்டது. போனால் போகிறதென்று, முதல் நாளே அம்மாவிடம் வெள்ளைத் துணி கேட்டிருந்தாள். அவள் துவைத்து மடித்து வைத்திருந்த வேட்டியை எடுத்துக்கொண்டாள். பார்த்தாலே கண் கூசியது.

மூச்சை அடக்கி முங்கி, வேட்டியைக் கேமராவுக்குக் காட்டிவிட்டு அண்ணனை எடுத்தாள். மேலே வந்து பார்த்தால் வளவன் மஞ்சள் காமாலை வந்தவனைப் போல இருந்தான். துண்டு செங்கல் நிறம். மறுபடி முங்கினாள், மறுபடி எடுத்தாள், மறுபடியும் காமாலைதான்.

கேமரா கெட்டுவிட்டது, வேலை போயிற்று என்று கிணற்று மேட்டில் உட்கார்ந்தாள். எதிரே வேலியில் ஈர வேட்டி கிடந்தது. அதன் பின்னால் வயலில் நாலைந்து கொக்குகள். கொக்குக்குப் பக்கத்தில் வேட்டி வெள்ளையாகவே இல்லை. நீலமாக இருந்தது. கிணற்றடியில் நின்ற அம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இதுக்கு நீலம் போட்டியா?"

"போடாம? படம் எடுக்கணும்னியேன்னு ரெண்டு சொட்டு கூடவே விட்டேன்."

செம்மொழிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "கேமரா அந்த நீலத்தையே வெள்ளைன்னு நம்பிடுச்சும்மா. எல்லாத்துலேருந்தும் நீலத்தைக் கழிச்சிடுச்சு. அதான் அண்ணன் மஞ்சளா இருக்கு."

"இவ போகக் கூடாதுன்னு வேணும்னே விட்டியாம்மா?" என்று வளவன் விளையாட்டாகக் கேட்டான்.

அம்சத்தின் முகம் சுருங்கிவிட்டது. விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். வீட்டில் வெள்ளை என்று சொல்லத்தக்க துணி ஒவ்வொன்றும் அம்மா கையால் நீலம் குடித்தது. வெயில் வேறு சாய ஆரம்பித்திருந்தது.

அம்சம் திரும்பி வந்தபோது ஒரு கையில் அரிவாள், மறு கையில் மஞ்சள் தடவிய தேங்காய். போன வருஷத்துக் கஜா புயல் தோப்பைச் சாய்த்ததிலிருந்து அந்த வீட்டில் தேங்காய் என்றால் கடையில் வாங்குவதுதான். இருந்தது இது ஒன்று. ஒரே போடு. உள்ளே வெள்ளை வெளேரென்று இரண்டு மூடி.

"இந்தா. இதுக்கு நான் நீலம் போடல."

"சாமி மாடத்துல இருந்ததாச்சேம்மா. என்ன வேண்டுதல்?" என்றான் வளவன்.

"இவளுக்கு இந்த வேலை கிடைச்சா காத்தாயி அம்மனுக்கு உடைக்கிறேன்னு வேண்டியிருந்தேன். கொஞ்சம் முன்னாடியே உடைச்சிட்டேன், அவ்வளவுதான்."

செம்மொழி அம்மாவையே பார்த்தாள். அவளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கிப் பொங்கி வந்தது. மூடியை வாங்கிக்கொண்டு கேமராவோடு தொபீரென்று குதித்தாள். வளவனும் துண்டோடு பின்னாலேயே குதித்தான். அடியில், மூடியைக் கேமரா முழுக்க நிறையும்படி காட்டி, பட்டனை அழுத்தி, அண்ணன் பக்கம் திருப்பினாள். பச்சைத் தண்ணீருக்குள் துண்டு, கடையில் வாங்கிய அன்று இருந்த அதே சிவப்பில் விரிந்தது. படம் இருட்டுவதற்குள் போய்விட்டது.

மறுநாள் பதில் வந்தது. எப்போது வர முடியும் என்று கேட்டிருந்தார்கள். செம்மொழி வாசித்துக் காட்டியதும் அம்சம் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"அங்க தேங்காய் கிடைக்குமாடி?"

"தீவு பூரா தென்னைதாம்மா."

"அப்ப போயிட்டு வா. காத்தாயிக்கு நான் இங்க வேற ஒண்ணு வாங்கி உடைச்சுக்கிறேன்."